பின் அடிக்காத புத்தகம்

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நலம்னு எழுதினா பொய். நலமில்லைன்னு எழுதினா, இந்த ஜெயில்ல கடிதங்களைப் படிச்சுப் பார்க்கற அதிகாரி என்னை டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க. அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

உங்களுக்கு நான் எழுதற முதல் கடிதம் இது. ஏழு வருஷமா உங்க வீட்டுக்கு வந்து போயிட்டிருந்தேன், எழுத வேண்டிய அவசியம் வரல. பேச வேண்டிய அவசியமும் அவ்வளவா வரல. அண்ணனுக்கு மூணு கடிதம் போட்டுட்டேன், பதில் இல்ல. போன் பண்ணினா "இதோ அவர்கிட்ட தரேன்"னு கை மாத்திடறீங்க. என் பொண்ணு வாலு போனை வாங்கினா "ம்", "ம்ஹும்", அவ்வளவுதான். என்கிட்ட மூச்சு விடாம பேசிட்டிருந்த பொண்ணு அவ.

நாலு மாசம் ஆச்சு. சலவைக்கூடத்துல வேலை. காலையில போர்வை, மதியம் துண்டு. கைக்கு வேலை இருக்கு, மனசுக்கு இல்ல. என் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல ஏழு தப்படி. அதையே நடக்கறேன். நடந்தா அந்த நிமிஷம்தான் வருது. குனிஞ்சு போனைப் பார்த்தேன். நிமிர்ந்தேன். நான் ஓட்டிட்டு வந்த பேக்கரி வேனுக்கு அடியில சைக்கிள் கிடந்தது. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டிருந்த மனுஷன். எனக்குப் பதினெட்டு மாசம் ஜெயில். அவருக்கு எல்லாமே போச்சு.

படிக்க ஏதாவது வேணும் அண்ணி. என்னன்னு சொன்னா சிரிப்பீங்க. புயல்வாணன் காமிக்ஸ். பழைய மாத இதழ்களை எல்லாம் சேர்த்து இப்போ பெரிய தொகுதிகளா மறுபடி போடறாங்களாம். அதுல 'சுடர்க்கொடி வரும் கதைகள்'னு தனி வரிசை இருக்காம். சுடர்க்கொடி அவன் கூட வர்றவ. கையில இருந்து நெருப்பு வரும். அவன் பேர் அட்டையில பெருசா இருக்கும், அவ பேர் உள்ள இருக்கும்.

இங்க விதி நிறைய. தனி இதழ் கூடாது, நடுவுல பின் அடிச்சிருக்கும். கெட்டி அட்டை கூடாது. யாரோ படிச்ச புத்தகமும் கூடாது. பசை போட்டு ஒட்டின மெல்லிய அட்டைப் புத்தகமா, கடையில இருந்தே நேரா தபால்ல வரணும்.

நான் சேர்த்து வெச்சிருந்த அந்தக் காமிக்ஸ் பெட்டியைப் பத்திக் கிளறறதுக்காக இதை எழுதல. நீங்க கல்யாணமாகி வந்த வருஷம் அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டது போட்டதுதான். உள்ள இருந்தது எண்பத்திமூணு இதழ்னு மட்டும் சொல்லிக்கறேன்.

அடுத்த மாசம் என்னைப் பார்க்க வரும்போது வாலுவையும் கூட்டிட்டு வாங்க. அவளுக்கு என் முத்தம்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

எண்பத்திமூணு இதழ். சரி. அதுக்குள்ள எத்தனை கரப்பான் இருந்ததுன்னும் யாராவது எண்ணியிருக்கலாம். புதுசா வந்த வீட்டுல பீரோவுக்கு இடம் தேடினவ நான். நீ பொக்கிஷம் பார்த்த இடத்துல நான் பூச்சி பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல. ஏழு வருஷம் கழிச்சு ஒத்துக்கறேன், வெச்சுக்கோ.

உன் அண்ணன் எழுதாததுக்குக் கோவிச்சுக்காதே. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கற கை, பேனாவை ஸ்பேனர் மாதிரி பிடிக்குது. "அன்புள்ள தங்கச்சிக்கு"ன்னு நாலு தடவை எழுதிக் கிழிச்சார். அதுக்கு மேல அவருக்கு ஓடல.

புத்தகக் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்து, "பையனுக்காம்மா?"ன்னார். "நாத்தனாருக்கு"ன்னேன். முதல் தொகுதியை என் கண் முன்னாலயே பார்சல் கட்ட வெச்சேன். கட்டிட்டிருக்கும்போது சும்மா புரட்டினேன். ஒருத்தி பாலத்து மேல இருந்து விழறா, அடுத்த பக்கத்தை அவர் காகிதத்தால மூடிட்டார். விழுந்தாளா இல்லையான்னு தெரியாம எப்படி வீட்டுக்குப் போறது? இன்னொரு பிரதி வாங்கிட்டேன். உனக்கு என்ன அனுப்பறேன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா, அதுக்காக.

எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. பெரிய இதழைச் சின்னதாக்கிப் போட்டிருக்காங்க. மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறவ சொல்றேன், வெளிச்சம் பார்த்துப் படி.

வாலுவுக்கு ஜுரம். அடுத்த மாசம் கூட்டிட்டு வர முடியும்னு தோணல. முன்பல் ஒண்ணு விழுந்துடுச்சு.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

தொகுதி வந்தது. பார்சலை இங்க அதிகாரிகளே பிரிச்சு, புத்தகத்தோட முதுகை வளைச்சுப் பார்த்து, தட்டிப் பார்த்துக் கொடுத்தாங்க. முதல் வாசனையே தப்பு. என் இதழ்கள்ல மண்ணெண்ணெய் கலந்த மாதிரி ஒரு வாசனை இருக்கும். இது புதுச் செருப்பு மாதிரி இருக்கு. முன்னுரையில, பழைய அச்சுல சுடர்க்கொடியோட உடை ஒரு மாசம் ஆரஞ்சா, ஒரு மாசம் ரோஸா வந்ததுன்னும், இப்போ எல்லாத்தையும் ஆரஞ்சா சரி பண்ணிட்டோம்னும் பெருமையா எழுதியிருக்காங்க. யார் சரி பண்ணச் சொன்னது? ரோஸ் வர்ற மாசம் அவ கோவமா இருக்கான்னு நான் நினைச்சுப்பேன்.

நூத்திப் பத்தாம் பக்கம் வெறும் சாம்பல் கட்டம். 'இப்பக்கத்தின் மூலம் கிடைக்கவில்லை'ன்னு போட்டிருக்கு. அந்தப் பக்கம் என் பெட்டியில இருந்தது அண்ணி. இனிமே சத்தியமா பேசல.

பக்கத்துக் கட்டில்ல ஒரு டீச்சர் இருக்காங்க. நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள தோள் வழியா எட்டிப் பார்த்து, "பக்கத்தைத் திருப்பு, பக்கத்தைத் திருப்பு"ங்கறாங்க. ரெண்டே நாள்ல முடிச்சுட்டோம். மறுபடி நடக்க ஆரம்பிச்சாச்சு.

ஜுரம் விட்டதா? எத்தனை நாள் இருந்தது? டாக்டர் என்ன சொன்னார்? விழுந்த பல்லை என்ன பண்ணா? நீங்க ஒரு வரியில முடிச்சுட்டீங்க. எனக்கு அந்த ஒரு வரியைச் சுத்தி ஒரு மாசம் சுத்தணும்.

உங்கள் நாத்தனார்


மே 6

நாத்தனாருக்கு,

ரெண்டாம் தொகுதி கடையில இருந்து கிளம்பிடுச்சு. என் பிரதியை நான் முடிச்சுட்டேன். முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே. ஆனா இதுல புதுசா ஒருத்தி வர்றா, கூர்விழி. சுவரைத் தாண்டிப் பார்க்கறவ. அவளுக்கு ஒரு கண்ணாடி மாட்டியிருக்காங்க பாரு, ஓரம் தடிச்சு நடுவுல மெலிஞ்சு. அது கிட்டப்பார்வைக் கண்ணாடி! எதிர்ல வர்ற பஸ் நம்பர் தெரியாதவங்க போடறது. வரைஞ்சவர் ஒரு தடவை எங்க கடைக்கு வந்திருந்தா உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்திருப்பேன். கடையில எல்லார்கிட்டயும் காட்டினேன். முதலாளி, "நீங்க இதெல்லாம் படிப்பீங்களா?"ன்னார். "தொழில் சம்பந்தமா"ன்னேன்.

சுடர்க்கொடியை எனக்குப் பிடிச்சுப் போச்சு. அவன் சண்டை முடிச்சுட்டுப் பறந்துடறான். எரிஞ்ச வீட்டுக்காரங்களை யார் பார்க்கறது? தொலைஞ்ச குழந்தையை யார் வீட்டுல கொண்டு விடறது? அவதான். அதெல்லாம் சின்னக் கட்டத்துல வருது. ரெண்டு தடவை படிச்சாத்தான் கண்ணுல படும்.

வாலுவுக்குப் பரீட்சை நேரம். இந்த மாசமும் வர முடியாது. நல்லா சாப்பிடறா. சைக்கிள் கத்துக்கிட்டா. சின்ன சக்கரத்தைக் கழட்டியாச்சு.

எழுதின பிறகுதான் என்ன எழுதினேன்னு உறைச்சுது. அடிக்கலாம்னு பார்த்தேன். அடிச்சாலும் கீழ தெரியும். விட்டுட்டேன்.

அண்ணி


ஜூன் 1

அண்ணிக்கு,

அடிக்காம விட்டது நல்லது. சைக்கிள்ங்கற வார்த்தை இல்லாம என்னால வாழ முடியாது. தினமும் அந்த மனுஷனை நினைக்கறேன். கோர்ட்டுல அவர் மனைவி என் பக்கமே திரும்பல. திரும்பியிருந்தா தேவலைன்னு இருக்கு. வாலுவுக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்க. பெரிய ரோட்டுக்கு விடாதீங்க. என்னை மாதிரி ஒருத்தி எப்பவும் ஓட்டிட்டு வந்துட்டே இருப்பா.

சலவைக்கூடத்துல பெரிய மெஷினை என் பொறுப்புல கொடுத்துட்டாங்க. நல்ல நடத்தைன்னு எழுதியிருக்காங்களாம். அது சுத்தும்போது முன்னால நிக்கறேன். ஏதோ ஒண்ணாவது என்னைவிட வேகமா சுத்துதேன்னு ஒரு ஆறுதல்.

அண்ணி, பிப்ரவரியில ஜுரம். மே மாசம் பரீட்சை. ஏப்ரல்ல போன்ல அண்ணன், "அவ தூங்கறா"ன்னார். மணி அப்போ சாயங்காலம் அஞ்சு. ஆறு வயசுப் பொண்ணுக்கு அப்படி என்ன பரீட்சை?

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 12

நாத்தனாருக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், வேற எழுத வேண்டியிருக்கு. மூணாம் தொகுதி உனக்கு இந்நேரம் வந்திருக்கும். படிச்சியா? எனக்கு நேத்துல இருந்து இருப்புக் கொள்ளல. ஒரு வாடிக்கையாளருக்கு இடது கண் லென்ஸை வலதுல மாட்டிக் கொடுத்துட்டேன்.

புயல்வாணன் வேற உலகத்துல மாட்டிக்கறான். எட்டு இதழ் அவன் ஊர்லயே இல்ல. எட்டு இதழும் நகரத்தைக் காப்பாத்தறது யாரு? சுடர்க்கொடி. பகல்ல டிராம் டிப்போல வேலை, மத்த நேரம் இது. முதல்ல ஜனங்க அவளை நம்பல, "அவன் எங்க, அவன் எங்க"ன்னாங்க. அவ பாட்டுக்கு வேலையைப் பார்த்தா. கொஞ்சம் கொஞ்சமா குழந்தைங்க அவ பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்குது. அந்தக் கட்டத்தை நாலு தடவை படிச்சேன்.

அப்புறம் அவன் திரும்பி வர்றான். "நன்றி சுடர்க்கொடி, இனி நான் பார்த்துக்கறேன்." ஒரே ஒரு பேச்சு பலூன்! அடுத்த கதையில அவ மூலையில நிக்கறா, பாதி முகம் கட்டத்துக்கு வெளிய. பின்னட்டையில 'வாசகர்கள் கொண்டாடிய மீள்வருகை'ன்னு போட்டிருக்கு. எந்த வாசகர்? என்னைக் கேட்டாங்களா? அவன் வேணும்னு போகல, சரி, மாட்டிக்கிட்டான், பாவம்தான். அதுக்காக வந்ததும் எடுத்துக்கிட்டுப் போயிடறதா? எட்டு இதழ் அவ கண்ணு மூடலயே. அவளுக்குன்னு என்ன மிச்சம்?

கோவத்துல கையெழுத்து இப்படி ஆயிடுச்சு. மன்னிச்சுக்கோ.

அண்ணி


ஆகஸ்ட் 20

அண்ணிக்கு,

படிச்சேன். தொகுதியையும் படிச்சேன், உங்க கடிதத்தையும் படிச்சேன். நீங்க புயல்வாணனைத் திட்டல.

என்ன நடக்குதுன்னு நேரா எழுதுங்க.

நாத்தனார்


செப்டம்பர் 14

அண்ணிக்கு,

மூணு வாரமாச்சு. பதில் இல்ல. போன் எடுக்க மாட்டேங்கறீங்க. அண்ணன், "அவ கடையில இருக்கா"ங்கறார். ஞாயித்துக்கிழமை என்ன கடை? இங்க ஏழு தப்படி போதல. பக்கத்துக் கட்டில் டீச்சர், "உட்காரு, எனக்குத் தலை சுத்துது"ங்கறாங்க.

நான் பயப்படறது எதுவா இருந்தாலும் எழுதிடுங்க. எழுதாம இருக்கறது அதைவிட மோசம்.

நாத்தனார்


செப்டம்பர் 29

நாத்தனாருக்கு,

எழுதிடறேன். நடுவுல நிறுத்தினா முடிக்க மாட்டேன், அதனால பிழை இருந்தா பொறுத்துக்கோ.

ஜுரம் பொய். பரீட்சை பொய். பல் விழுந்தது மட்டும் நிஜம். நான்தான் அவளைக் கூட்டிட்டு வரல. உன் அண்ணன் ரெண்டு தடவை கேட்டார், ரெண்டு தடவையும் சண்டை போட்டு நிறுத்தினேன்.

உனக்கு இன்னொண்ணும் தெரியாது. வாலு இப்போ கண்ணாடி போடறா. ஜனவரியில பள்ளிக்கூடத்துல போர்டு தெரியலன்னு சொல்லி அனுப்பினாங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போய், உயர ஸ்டூல்ல உட்கார வெச்சு, நானே சோதிச்சு, நானே லென்ஸ் தீட்டினேன். மாட்டிவிட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பினா. எதிர்ல ஒரு மரம் இருக்கு. ஒரு நிமிஷம் வாயைத் திறந்து பார்த்துட்டே இருந்தா. அப்புறம் கத்தினா: "அம்மா! அந்த மரத்துல இலை எல்லாம் தனித்தனியா இருக்கு!"

கடையில எல்லாரும் சிரிச்சாங்க. நான் திருத்தியிருக்கணும். "அம்மா இல்லடி, அத்தை"ன்னு சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்லல. "ஆமாண்டா, தனித்தனியாத்தான் இருக்கும்"னேன். அன்னியில இருந்து அம்மாதான்.

அவ பிறக்கறதுக்கு முன்னாலயே அவ அப்பன் விட்டுட்டுப் போயிட்டான். எங்க வீட்டுல இருந்து அவளைக் கூட்டிட்டுப் போக நீ திடீர்னு ஒரு நாள் சாயங்காலம் வரல. மூணு வாரம் தினமும் சாயங்காலம் அவ ஷூவைக் கழட்டாம வாசல்லயே உட்கார்ந்திருந்தா. அதுக்கப்புறம் கழட்டினா. கழட்டினப்போ பக்கத்துல இருந்தவ நான். எனக்குன்னு ஒண்ணு பிறக்கலங்கறது உனக்குத் தெரியும். அதை நீ ஒரு நாளும் குத்திக் காட்டினதில்ல, மத்தவங்க மாதிரி. அதை நினைச்சாத்தான் இன்னும் கேவலமா இருக்கு.

நல்ல நடத்தைக்குக் கழிச்சு டிசம்பர்லயே உன்னை விடறாங்கன்னு வீட்டுக்குக் காகிதம் வந்திருக்கு. உன் அண்ணன் சந்தோஷத்துல அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டினார். நான் தினமும் பால் எடுக்கும்போது அதைப் பார்க்கறேன். ஒரு வக்கீலைக் கேட்டுப் பார்க்கலாமான்னு கூட ஒரு நாள் யோசிச்சேன். வாசல் வரைக்கும் போனேன். மணி அடிக்காம திரும்பிட்டேன்.

இதுதான். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோத்துல மறைக்கறது?

அண்ணி


அக்டோபர் 25

அண்ணிக்கு,

ஒரு தடவை படிச்சுட்டு, பத்து நாள் உங்க கடிதத்தைத் தொடல. மெத்தைக்கு அடியில வெச்சுட்டு அது மேலேயே படுத்தேன். முதல்ல எழுதினதைக் கிழிச்சுட்டேன். அதுல இருந்ததை நீங்க ஊகிச்சுக்கலாம்.

இப்போ என் பங்கு. இங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை குழந்தைங்க வர்ற நாள்னு ஒண்ணு உண்டு. கம்பி கிடையாது. தரையில பாய் போட்டு, பொம்மை எல்லாம் வெச்சு, மடியில உட்கார்த்தி வெச்சுக்கலாம். அதுக்கு அம்மாதான் கையெழுத்துப் போட்டுக் கேக்கணும். நான் ஒரு தடவை கூடப் போடல. உங்ககிட்ட அப்படி ஒரு நாள் இருக்குன்னே சொல்லல. அவ மடியில உட்கார்ந்து, "அந்த மாமா செத்துட்டாராமே, நீதான் இடிச்சியா?"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க ஜுரம்னு எழுதினப்போ கோவம் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. உங்க பொய் எனக்கு வசதியா இருந்தது அண்ணி.

ஆனா ஒண்ணு தெளிவா எழுதறேன். அவ என் பொண்ணு. அதுல பேரம் இல்ல.

மூணாம் தொகுதியை மறுபடி படிச்சேன். நீங்க சொன்னது சரிதான், அந்த ஒரு பலூன் அசிங்கமா இருக்கு. வந்தவன் ஒரு கேள்வி கேட்டானா? நான் இல்லாதப்போ எந்தத் தெரு மாறிச்சு, யார் வந்தா, நீ எங்க அடிபட்டேன்னு கேக்க வேண்டாமா? நான் கேக்கறேன். அவ கண்ணாடி பவர் என்ன? ரெண்டு கண்ணும் ஒரே மாதிரியா? கூடிட்டே போகுமா? பள்ளிக்கூடத்துல யார் கூட உட்கார்றா? எதுக்குப் பயப்படறா? என்னைப் பத்தி அவளுக்கு என்ன சொல்லியிருக்கீங்க? எல்லாத்தையும் எழுதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கறேன்.

டிசம்பர் 9 வெளிய வரேன். உங்க வீட்டுக்கு வரல. ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல வேலை சொல்லியிருக்காங்க. உங்க வீட்டுல இருந்து மூணு தெரு தள்ளி மாடியில ஒரு அறை பார்க்கச் சொல்லி அண்ணன்கிட்ட கேட்டிருக்கேன். முதல் நாளே அவளைக் கேக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமைகள்ல கூட்டிட்டு வாங்க. நீங்களே கூட்டிட்டு வாங்க, அண்ணன் வேண்டாம். அம்மா நான்தான்னு உங்க வாயால அவகிட்ட சொல்லுங்க. அதை நான் சொன்னா வெறும் செய்தி. நீங்க சொன்னாத்தான் அவ நம்புவா.

உங்கள் நாத்தனார்


மார்ச் 7

அன்புள்ள நாத்தனாருக்கு,

மூணு தெரு தள்ளி இருக்கறவளுக்கு எதுக்குக் கடிதம்னு நினைப்பே. நேர்ல இதைச் சொல்ல வராது. இதை வாலுவோட பையில, மேலாப்புல வெச்சு அனுப்பறேன்.

முதல் ஞாயிறு நீ கண்ணால பார்த்தது. வாசல்ல என் கையை நகம் பதியறாப்புல பிடிச்சுக்கிட்டு, "இனிமே இவங்களை என்னன்னு கூப்பிடணும்?"னு கேட்டா. "அம்மான்னு. இவதான் உன் அம்மா, நான் அத்தை"ன்னேன். அவ உன்னைப் பார்க்கல, என்னைத்தான் பார்த்தா. "அப்போ நான் உன்னை அம்மான்னு கூப்பிட்டப்போ ஏன் திருத்தல?"ன்னா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து நாலு நாள் என்கிட்ட பேசல. உன்கிட்ட பேச ஆரம்பிக்க அஞ்சு ஞாயிறு ஆச்சு. அந்த மனுஷனைப் பத்தி அவ கேட்டதும், நீ "ஆமா, நான்தான்"னு சொன்னதும், அவளே எனக்குச் சொன்னா. பெரியவங்க மாதிரி மெதுவாச் சொன்னா.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுல, "அம்மா வீட்டுலயே தூங்கினா என்ன?"ன்னு கேட்டா. நான் சொல்லிக் கொடுக்கல. நீயும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டே. உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். "ஒண்ணும் இல்ல, தூங்கலாம்"னேன்.

பையில நாலு நாள் துணி இருக்கு. கண்ணாடியைச் சட்டையில துடைப்பா, விடாதே, மஞ்சள் துணி உள்பையில இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பவர் பார்க்கணும், அதை வேற யார்கிட்டயும் கொண்டு போகாதே. இடது ஷூ கடிக்குதுன்னு சொல்வா, புதுசு, ரெண்டு நாள்ல சரியாயிடும். தூங்கறதுக்கு முன்னால கதவு பூட்டியிருக்கான்னு ரெண்டு தடவை கேப்பா. "பூட்டியாச்சு, நான் இங்கதான் இருக்கேன்"னு சொல்லணும். ரெண்டு தடவையும் அதே மாதிரி சொல்லணும். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துல இருந்து நான் கூட்டிட்டு வந்துக்கறேன், அது என் நாள், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாலாம் தொகுதி வந்துடுச்சாம். கடைக்காரர் போன் பண்ணினார். இன்னும் போகல. போகணும்.

நான் மாடி ஏறி வரல. வந்தா உட்காருவேன், உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன். அவ உள்ள வந்து ஷூவைக் கழட்டினதும், ஜன்னல்கிட்ட வந்து ஒரு தடவை கை காட்டச் சொல்லு. அது வரைக்கும் கீழதான் நிக்கறேன்.

அண்ணி